தஞ்சம் கோரி வந்தவர்களோடு வாராவாரம் கால்பந்து: இங்கிலாந்தில் ஒரு குழுவை நடத்தும் முறை

இங்கிலாந்தில் தஞ்சம் கோரியவருக்கு முதல் 12 மாதம் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. அதற்குப் பிறகும் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபிஸிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் ஒரு பட்டியலில் உள்ள சில வேலைகளுக்கு மட்டும்தான் போகலாம். 2025-இல் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருப்பவருக்கு அரசு உதவித்தொகை வாரம் 49.18 பவுண்ட். மூன்று வேளை சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்கு 9.95 பவுண்ட். பஸ்ஸில் ஒரு தடவை போக 3 பவுண்ட் என்றால், போய் வர 6 பவுண்ட். ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்து போனால் ஹோட்டல்காரர் கையில் அந்த வாரம் மிஞ்சுவது 3.95 பவுண்ட். ஆகவே பந்து, ஜெர்ஸி எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது, அவர் தங்கியிருக்கும் இடத்திலிருந்து மைதானம் எத்தனை நிமிட நடை என்பதைத்தான்.

25 நிமிட நடைக்குள் இருந்தால் நல்லது. 40 நிமிடத்தைத் தாண்டினால் மழைக்காலத்தில் கூட்டம் கரைந்துவிடும். வரைபடத்தை நம்பாமல் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள், முடிந்தால் இருட்டிய பிறகு. தெருவிளக்கு இல்லாத பாதையோ நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையோ குறுக்கே வந்தால் வேறு மைதானம் தேடுங்கள். முதல் நான்கு வாரம் யாராவது ஒருவர் அவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். பல ஹோட்டல்களில் வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் பக்கத்து நூலகம், சூப்பர் மார்க்கெட் முனை என்று ஒரு அடையாளத்தைச் சொல்லி அங்கே காத்திருங்கள்.

நாளும் நேரமும்

வெள்ளி மதியம் தொழுகை. ஞாயிறு காலையில் எரித்திரியர்களும் எத்தியோப்பியர்களும் சர்ச்சில் இருப்பார்கள், அந்த வழிபாடு நீண்டது. வாரநாள் காலைகளில் ஆங்கில வகுப்பு இருக்கும். ஹோம் ஆபிஸில் நேரில் போய் ‘சைன்’ போடும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். இவற்றோடு ஹோட்டலின் சாப்பாட்டு நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை மட்டும் என்றால், 1 மணி ஆட்டத்துக்கு வருபவர் அன்று பட்டினி. அவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அடுத்த வாரம் வராமல் போவார், அவ்வளவுதான்.

நடைமுறையில் வாரநாள் பிற்பகல் 2.30 முதல் 4 வரை பல ஊர்களுக்குப் பொருந்துகிறது. அந்த நேரத்தில் செயற்கைப் புல் மைதானங்கள் காலியாகக் கிடக்கும். மாலைக் கட்டணத்தைச் சொன்னால் பகல் கட்டணம் என்ன என்று கேளுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு சங்கமோ கிளப்போ ஒரே இடத்தை, ஒரே விளையாட்டுக்கு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகளுக்குத் தொடராக வாடகைக்கு எடுத்தால் 20 சதவீத வாட் வரி விழாது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள், அதிகபட்சம் 14 நாள் இடைவெளி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அந்த இடம் உங்களுக்கு மட்டுமே, ஆடினாலும் ஆடாவிட்டாலும் முழுத் தொடருக்கும் பணம் கட்டுவதாக எழுத்தில் இருக்க வேண்டும். வாட் சேர்க்காமல் 40 பவுண்ட் வாடகை என்றால் வாரம் 8 பவுண்ட் மிச்சம். பந்தும் பழமும் அதில் வந்துவிடும்.

நாளையும் நேரத்தையும் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். இவர்கள் வாழ்க்கையில் எல்லாத் தேதியும் பிறர் கையில் இருக்கிறது: நேர்காணல் எப்போது, வீடு மாற்றம் எப்போது, முடிவு எப்போது என்று ஒன்றும் தெரியாது. செவ்வாய் 2.30 என்றால் செவ்வாய் 2.30 என்பது மட்டும் மாறாமல் இருந்தால், ஆட்டம் சுமாராக இருந்தாலும் ஆட்கள் நிற்பார்கள். மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று ரத்து செய்யாதீர்கள். மூன்று பேரோடு ஆடுங்கள். நோன்பு மாதத்தில் மட்டும் நேரத்தை நோன்பு திறந்த பிறகு என்று மாற்றலாம். அதையும் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

யார் பெயரில் நடத்துவது

புதிதாகச் சங்கம் தொடங்குவதைவிட, ஏற்கெனவே உள்ள உள்ளூர் கிளப்பின் அல்லது அகதிகளுக்கான தொண்டு நிறுவனத்தின் குடையின் கீழ் போவது சுலபம். பொதுப் பொறுப்புக் காப்பீடு, வங்கிக் கணக்கு, பாதுகாப்புப் பொறுப்பாளர் (சிறுவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் தீங்கு வராமல் கவனிப்பவர்) மூன்றும் அங்கே இருக்கும். உள்ளூர் கிளப் தயங்கினால் 1937-ஐ நினைவூட்டுங்கள். அந்த மே மாதம் ஸ்பானிய உள்நாட்டுப் போரிலிருந்து ஏறத்தாழ 4,000 பாஸ்க் குழந்தைகள் ‘ஹபானா’ கப்பலில் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் சபினோ பரினாகா, ரைமுண்டோ லெசாமா இருவரும் சவுத்தாம்ப்டன் கிளப்பில் ஆடினார்கள். பின்னாளில் ரியல் மாட்ரிட் 1947-இல் திறந்த புதிய மைதானத்தில் முதல் கோலை அடித்தவர் அதே பரினாகா.

பயிற்சி தருபவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பான டிபிஎஸ், முதலுதவிச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி மூன்றும் வேண்டும். தஞ்சம் கோரியவரும் தொண்டராக இருக்கலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் ஊதியம் என்ற பேச்சே கூடாது. நடுவராக நின்றதற்கு 10 பவுண்ட், பயிற்சி கொடுத்ததற்கு ஒரு பரிசுக் கார்டு என்று அன்பாகக் கொடுப்பதும் வேலைக்குக் கூலி என்று பார்க்கப்படலாம். அது அவருடைய கேஸைப் பாதிக்கும். செலவழித்த பஸ் கட்டணத்தை டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்கள் ஆட்டத்தில் கலக்க வேண்டாம். பெரியவர்கள் ஹோட்டலில் தங்கியிருக்கும் ஒருவர் ‘எனக்கு 16’ என்று சொன்னால், மீசையைப் பார்த்து வயதை முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அவர் கவுன்சிலின் குழந்தைகள் பிரிவுக்குத் தெரிவிப்பார்.

பொருள்கள்

20 பேருக்கு: 5-ஆம் எண் பந்து 7, இரண்டு நிறத்தில் பத்துப் பத்து பிப் (அணி தெரியச் சட்டைக்கு மேல் போடும் கையில்லா மேலாடை), மூன்றாவது நிறத்தில் ஐந்து, கூம்பு 40, கைப்பம்பு ஒன்று, ஊசி ஐந்து. ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழிந்து பந்து வீணாகும். செயற்கைப் புல்லில் பந்து அதிகம் துள்ளும். 0.7 அல்லது 0.8 பார் காற்று போதும், 1.1 வரை ஏற்ற வேண்டாம். பிப்களை நீங்களே துவைத்துக் கொண்டுவாருங்கள். ஹோட்டல் துணி துவைப்பதே வாரத்தில் ஒருமுறை என்ற நிலையில் அதை ஆட்டக்காரர் தலையில் கட்டக்கூடாது.

ஷூதான் பெரிய பிரச்சினை. வருபவர்களில் பலரிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி, அதுவும் நடக்கிற ஷூ. அது கிழிந்தால் மாற்று இல்லை என்ற பயத்தில் ஓரமாக நின்று பார்ப்பார்கள். அளவைக் கேட்டால் ஐரோப்பிய எண் சொல்வார்கள், இங்கே நன்கொடையாக வருவது பிரிட்டிஷ் எண். குழப்பத்தைத் தவிர்க்க ஒரு காகிதத்தைத் தரையில் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகாலைச் சுவரில் முட்டி நிற்கச் சொல்லி, பெருவிரல் நுனியில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். 26.5 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஐரோப்பிய 42, பிரிட்டிஷ் 8. ஆண்கள் குழுவுக்கு 40 முதல் 44 வரையான அளவுகளே அதிகம் தேவைப்படும். இரும்பு ஸ்டட் உள்ள ஷூவைச் செயற்கைப் புல் மைதானங்களில் அனுமதிப்பதில்லை, நன்கொடைப் பெட்டியிலேயே அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து வருபவருக்கு ஒரு ஜோடியைச் சொந்தமாகவே கொடுங்கள். வாங்கி, எண்ணி, திரும்ப வைப்பது ஹோட்டலில் ஏற்கெனவே போதுமான அளவு நடக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு எட்டு ஜோடி பொதுவில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அவற்றில் பூஞ்சைத் தெளிப்பான் அடித்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். சாக்ஸ் மட்டும் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும்.

அக்டோபரிலிருந்து பத்து முழுக்கைச் சட்டை, சில கையுறை, தொப்பி கூடவே இருக்கட்டும். ஜெர்ஸி அச்சடிப்பதானால் ஊரின் பெயரைப் போடுங்கள். ‘அகதி’ என்ற சொல்லை முதுகில் சுமக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

முதல் ஆட்டம், நிமிடக் கணக்கில்

90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 15 நிமிடம் ஷூ, தண்ணீர், பெயர். ஒரு டேப்பில் அவர் சொல்கிற பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டுங்கள், அடையாள அட்டையில் உள்ள பெயர் தேவையில்லை. கழுத்தில் அட்டை தொங்க, கையில் கிளிப்போர்டோடு நிற்காதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஹோம் ஆபிஸ் ஆள் போலவே தெரியும், வாசலோடு திரும்பிவிடுவார். என்ன பொசிஷனில் ஆடுவீர்கள், எந்த டீம் பிடிக்கும், கால் அளவு என்ன என்று கேளுங்கள். எப்படி வந்தீர்கள், கேஸ் என்ன ஆச்சு என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்விகளுக்கு அவர் அதிகாரிகளிடம் பலமுறை பதில் சொல்லிக் களைத்தவர்.

அடுத்த 15 நிமிடம் உடலைச் சூடாக்குவது. மாதக்கணக்கில் ஒரே அறையில் இருந்தவர் நேராக ஓடினால் தொடைத் தசை கிழியும். மெதுவான ஓட்டம், குறுக்கு நடை, பிறகு வட்டமாக நின்று ஐந்து பேர் பந்தைக் கடத்த, நடுவில் இரண்டு பேர் பறிக்கும் ஆட்டம். பந்தை யாருக்கு அனுப்புகிறோமோ அவர் பெயரைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். பத்தே நிமிடத்தில் 20 பேருக்கும் 20 பெயரும் நாக்கில் வந்துவிடும்.

பிறகு 45 நிமிடம் ஐவர் ஆட்டம். தலைவர்கள் ஆள் பொறுக்கும் முறை வேண்டாம், கடைசியில் நிற்பவர் மறுவாரம் வரமாட்டார். வந்து சேரும் வரிசையிலேயே பிப்பைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே மொழிக்காரர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள், ஆகவே யாருக்கும் சொல்லாமலே அணிகள் கலந்துவிடும். ஆனால் ஒரு மொழிக்கு ஒரே ஒரு ஆள் என்ற நிலையில் யாரையும் விடாதீர்கள். அணியில் அவரோடு பேச இன்னொருவராவது இருக்க வேண்டும். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அணி மாறட்டும். ‘ஜெயித்தவர் நிற்கலாம்’ முறையில் திறமைசாலிகள் ஐந்து பேர் 40 நிமிடம் ஆடுவார்கள், மற்றவர்கள் குளிரில் நிற்பார்கள்.

விசில் சத்தம் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும். மெல்ல ஊதுங்கள், அல்லது கையைத் தூக்கிக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். நவம்பர் 5-ஐ ஒட்டி இங்கே இருட்டிய பிறகு பட்டாசு வெடிக்கும். அந்த இரண்டு வாரமும் பகலிலேயே ஆட்டத்தை முடித்துவிடுங்கள். போரைப் பார்த்து வந்த ஈழத்தமிழருக்கும் சிரியருக்கும் சூடானியருக்கும் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

கடைசி 15 நிமிடம் தேநீர், வாழைப்பழம், ரொட்டி. அதை முடிந்தால் அரைமணி நேரமாக நீட்டுங்கள். ஆடும்போது ஒருவர் பெயர் தெரியும். டாக்டரிடம் எப்படிப் பதிவது, இலவச ஆங்கில வகுப்பு எங்கே, எந்தக் கடையில் அரிசி மலிவு என்பதெல்லாம் அந்தத் தேநீர் நேரத்தில்தான் கைமாறும். உட்கார இடமில்லாத மைதானமாக இருந்தால் பக்கத்து சர்ச் கூடத்தையோ கிளப் அறையையோ கேட்டு வாங்குங்கள். இறைச்சி எதுவானாலும் ஹலால் ஆக இருக்கட்டும். குழப்பமாக இருந்தால் இறைச்சியே வேண்டாம்.

மொழி

ஈரானியர் ஃபார்சியும் ஆப்கானியர் தாரி அல்லது பஷ்தூவும் பேசுவார்கள். ஈராக்கியரில் பலர் சொரானி குர்திஷ் பேசுவார்கள், அவர்களிடம் அரபியில் அறிவிப்பை நீட்டாதீர்கள். எரித்திரியரில் பலருக்குத் திக்ரின்யா. அவர்கள் மொழியை எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் என்று எடுத்துக்கொள்வது சிலருக்கு வலிக்கும். இலங்கையர் என்றால் தமிழரா சிங்களவரா என்று தெரியாமல் இருவரையும் ‘ஒரே ஊர்க்காரர்’ என்று கோர்த்துவிடக்கூடாது. ஆடட்டும், அவர்களாகவே பேசத் தொடங்கட்டும்.

ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஒருவரையே எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளராக நிறுத்தினால், சீக்கிரமே குழு அவர் கைக்குள் போய்விடும். விதிகளைப் படம் வரைந்து காட்டுங்கள். ‘பாஸ்’, ‘டைம்’, ‘மைன்’, ‘பேக்’, ‘மேன் ஆன்’ போன்ற பன்னிரண்டு சொல்லை ஒரு பலகையில் எழுதி வைத்து வாரம் மூன்றாகக் கற்றுக்கொடுங்கள். ‘மேன் ஆன்’ என்றால் பின்னால் எதிராளி வருகிறான் என்று பொருள், அதை ஆடிக் காட்டினால்தான் புரியும்.

சண்டை, காயம், படம்

சண்டை பெரும்பாலும் நாட்டு அரசியலால் வருவதில்லை. ஐவர் ஆட்ட விதி ஊருக்கு ஊர் வேறு: கோல்கீப்பர் கட்டத்துக்குள் போகலாமா, பந்து தலைக்கு மேலே போகலாமா என்று. ஆறு விதி எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை நிற்கும். சறுக்கிப் பறிப்பதை முழுவதும் தடை செய்யுங்கள். மூன்றாவது மாடி அறையில் கணுக்கால் உடைந்து கிடப்பவருக்கு உதவ வீட்டில் யாரும் இல்லை. கை ஓங்கினால் இரண்டு நிமிடம் வெளியே, யாராக இருந்தாலும்.

அடிபட்டால் மருத்துவமனைக்குப் போக மறுப்பார்கள், பில் வரும் என்று பயம். தஞ்சம் கோரியவருக்கு அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சிகிச்சை இலவசம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜிபி-யில், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிய அடையாள ஆவணமோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. வரவேற்பு மேசையில் கேட்டாலும் இதை எடுத்துச் சொல்லலாம். மைதானத்தில் இதய அதிர்வுக் கருவி எந்தச் சுவரில் இருக்கிறது, அது பூட்டியிருக்குமா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு படம் சொந்த நாட்டில் யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 4 அன்று ரோதர்ஹாமிலும் டாம்வொர்த்திலும் தஞ்சம் கோரியவர்கள் தங்கியிருந்த ஹோட்டல்களைக் கும்பல்கள் தாக்கின. ஆகவே ஆட்டத்தின் இடம், நேரம், ஹோட்டல் பெயர் எதுவும் பொதுவில் போகக்கூடாது. வாட்ஸாப்பில் சாதாரணக் குரூப் வைத்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ‘கம்யூனிட்டி’ அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்தினால் உறுப்பினர்களின் எண் மறைந்திருக்கும்.

ஆட்கள் திடீரென்று காணாமல் போகும்போது

இந்தக் குழுவை மற்றக் குழுக்களிலிருந்து பிரிப்பது இதுதான். சில நாள் அவகாசத்தில், சில சமயம் அதற்கும் குறைவாக, வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். உங்கள் சிறந்த ஆட்டக்காரரும் நேற்றுவரை சாவி வைத்திருந்தவரும் ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடும். எனவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரை, முடிந்தால் வெவ்வேறு இடத்தில் தங்கியிருப்பவர்களாகப் பார்த்துப் போடுங்கள்: பிப், நேரம் பார்ப்பது, நடுவர், புதியவர்களை வரவேற்பது. புதியவர்களை வரவேற்கும் வேலையை ஒரு மாதம் முன்பு தானே புதியவராக வந்தவரிடம் கொடுங்கள். பிற ஊர்களில் இப்படி ஆடும் குழுக்களின் பட்டியலைக் கைவசம் வைத்திருங்கள். போகிறவரின் ஷூ அவரோடு போகட்டும்.

அகதி அந்தஸ்து கிடைத்தவர் வராமல் போனால் நல்லபடியாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். அந்தஸ்து கிடைத்த சில வாரங்களுக்குள் அரசு தந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும், பலர் தெருவுக்கு வருவது அப்போதுதான். ஒரு போன் போடுங்கள். தஞ்சம் மறுக்கப்பட்டவரும் பேசாமல் மறைவார். அவரை வற்புறுத்தாமல் ‘செவ்வாய்க்கிழமை இருக்கிறோம்’ என்று மட்டும் செய்தி அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்தான பேச்சு என்று தோன்றினால் 999, பேச ஆள் வேண்டுமானால் 116 123 சமாரிட்டன்ஸ், தங்குமிடம், உதவித்தொகைப் பிரச்சினைக்கு மைக்ரன்ட் ஹெல்ப் 0808 8010 503.

கேஸ் பற்றி ஆலோசனை சொல்லாதீர்கள். தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊரில் சட்ட உதவி தரும் வழக்கறிஞர் யார் என்று காட்டிவிடலாம். ஆதரவுக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்கலாம்: எந்த மாதத்திலிருந்து வருகிறார், எத்தனை ஆட்டம், என்ன பொறுப்பு. வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தால் இதில் ஒரு வரிகூடத் தவறாது. பார்க்காததை எழுதினால் அவருக்கே கெடுதல்.

பெண்கள்

ஆண்கள் ஆட்டத்தில் ‘பெண்களும் வரலாம்’ என்று அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். தனி நேரம், உள்ளரங்கம், பெண் பயிற்சியாளர், மறைப்புள்ள சன்னல் வேண்டும். காலை 10 முதல் 11.30 வரை, பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் நேரம் வைக்கலாம். பள்ளிக்குப் போகாத குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலையில் பாயும் பொம்மையும் ஆளும் வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. முழுக்கைச் சட்டையும் முழுக் கால்சட்டையும் பெட்டியில் இருக்கட்டும். தலைமறைப்போடு ஆடலாம் என்பது 2014-லிருந்து கால்பந்து விதியிலேயே இருக்கிறது.

லீக்கில் சேரும் முன்

சில மாதம் போனதும் லீக்கில் ஆடலாமா என்று கேட்பார்கள். அதற்கு முன் உள்ளூர்க்காரர்களை வாராந்தர ஆட்டத்திலேயே கொண்டுவாருங்கள். மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்கள் இருந்தால் வேலை, வீடு, தெரிந்தவர் என்று பல கதவுகள் பிற்பாடு தானாகத் திறக்கும். நட்பு ஆட்டங்களுக்குப் பதிவு வேண்டாம். லீக் பதிவு அப்படியில்லை: வெளிநாட்டில் ஏதாவது கிளப்பில் பதிவாகி ஆடியவருக்குச் சர்வதேச அனுமதி கேட்பார்கள். அது வழக்கமாக அவருடைய முந்தைய நாட்டுக் கால்பந்துச் சங்கத்தை அணுகிப் பெறுவது. எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அங்கே அவர் பெயரும் புதிய ஊரும் போய்ச் சேரும் வழி அது. படிவத்தில் ஒரு எழுத்து எழுதும் முன், அவர் சம்மதத்தோடு, கவுன்டி (மாவட்ட) கால்பந்துச் சங்கத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் பேசுங்கள். பழைய நாட்டைத் தொடர்பு கொள்ளமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே பெயரைக் கொடுங்கள். பதில் வரும்வரை அவர் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஆடட்டும்.